சஷ்டி விரதம் இருக்கலாம். வெறும் தண்ணீரில் வேண்டாம்

இந்தக் கடிதம் தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன். எழுதியவருக்கு வயது 54. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 5 ஆண்டுகளாக ரத்த அழுத்தம். மகளுக்குக் கல்யாணமாகி 5 ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. அவளுக்காகப் போன ஆண்டு கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போய், ஆறு நாளும் அங்கேயே தங்கி, தண்ணீரும் துளசித் தீர்த்தமும் மட்டும் குடித்து விரதம் இருந்திருக்கிறார். ‘சாப்பாடே இல்லை, சுகர் மாத்திரை எதற்கு’ என்று முதல் நாளே அதை நிறுத்திவிட்டார். பிரஷர் மாத்திரையை மட்டும் தினமும் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் தலைசுற்றல். நான்காம் நாள் வாந்தி. ஆறாம் நாள் மாலை, சூரசம்ஹாரம் பார்க்கக் கடற்கரைக் கூட்டத்தில் நின்றபோது கண் இருட்டிக் கீழே விழுந்திருக்கிறார். மறுநாள் திருக்கல்யாணம் முடிந்ததும் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு. ஊர் திரும்பியபோது கால் இரண்டும் வீங்கி, சர்க்கரை 380 இருந்திருக்கிறது.

இந்த ஆண்டும் போக வேண்டும் என்கிறார். மகன் விடமாட்டேன் என்று தினமும் சண்டை போடுகிறாராம். ‘விழுந்தது முருகன் வைத்த சோதனை. அதைத் தாண்டியும் முடித்துவிட்டேன், இந்த முறையும் முடிப்பேன்’ என்று எழுதியிருக்கிறார். மாத்திரை போட்டால் விரதம் முறியுமா, இளநீர் குடிக்கலாமா, பட்டினி கிடந்தால் சர்க்கரை நோயே போய்விடும் என்று செல்போனில் ஒருவர் பேசுவது உண்மையா, கருத்தரிக்க மாத்திரை எடுத்துவரும் 29 வயது மகளும் கூடவே விரதம் இருக்கலாமா என்று நான்கு கேள்விகள். கடைசியாக, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல்.

அன்புள்ள அம்மா,

உங்களைக் காக்க வைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் பரிசோதனைகளைப் பார்த்துச் சரி என்று சொன்னால், ஒரு பொழுது உண்டு நீங்கள் சஷ்டி விரதம் இருக்கலாம். தண்ணீர் மட்டும் குடித்து ஆறு நாள் இருக்கக் கூடாது. ஒரு நாள்கூட வேண்டாம்.

மகன் சொல்வதைத்தான் இந்த டாக்டரும் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கத்தில் மருத்துவம் பார்க்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும், தீபாவளி முடிந்து அமாவாசை கழிந்த பிரதமையிலிருந்து என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பச்சைச் சேலை கட்டிய பெண்கள் சிலர் இருப்பார்கள். ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற சொல்லை நம்பி, மகளுக்காகவும் மருமகளுக்காகவும் வயிற்றைக் காயப்போடுகிறவர்கள். அவர்களிடம் ‘விரதமே கூடாது’ என்று சொன்ன காலம் எனக்கும் உண்டு. அப்படி நான் சொல்லி அனுப்பியவர்கள் என்னிடம் சொல்லாமலே விரதம் இருந்தார்கள், மாத்திரையைத் தங்களுக்குத் தெரிந்தபடி நிறுத்தினார்கள். உங்கள் மகன் வீட்டில் போடும் சண்டைக்கும் அதே பலன்தான் கிடைக்கும். தம்பி இதைப் படித்தால், கதவை அடைப்பதைவிட அம்மாவோடு ஒருமுறை டாக்டரிடம் வருவது பெரிய உதவி என்று சொல்வேன்.

போன ஆண்டு விழுந்ததைச் சோதனை என்று சொல்கிறீர்கள். உங்கள் நம்பிக்கைக்குள் நான் நுழையவில்லை. உடம்பில் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். சாப்பாடு நின்றால் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கிறது. பட்டினியின் முதல் சில நாட்களில் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே தள்ளும், அதனாலேயே ரத்த அழுத்தம் இறங்கும். உங்கள் பிரஷர் மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. டெல்மிசார்ட்டான் அழுத்தத்தைக் குறைக்கும், ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். ஏற்கனவே வற்றிக்கொண்டிருந்த உடம்பை அந்த மாத்திரை இன்னும் வற்றவைத்திருக்கிறது. உப்பு உள்ளே போகவில்லை, வெறும் தண்ணீர் மட்டும் போனது. அந்த நிலையில் ரத்தத்தில் சோடியமும் குறையும். ஆறாம் நாள் கூட்டத்தில் மணிக்கணக்காக நின்றதும் கண் இருட்டியதற்கு இதுவே போதும். ‘பிரஷர் மாத்திரைக்குச் சாப்பாடு தேவையில்லை, அதனால் அதைப் போடலாம்’ என்று எண்ணினீர்கள். சாப்பாடு தேவையில்லாமல் இருக்கலாம். உப்பும் நீரும் குறைந்த உடம்பில் அது ஆபத்து.

இந்த ஆண்டு மாறியிருப்பது ஒன்று

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் நான் கவலைப்பட்டது நான்காவது வரியில். இந்த மே மாதம் புதிதாக டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருவது. ஆனால் அது ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றி வேலை செய்கிறது. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது நிற்காது. பட்டினியோடு அது சேர்ந்தால் கொழுப்பு வேகமாகக் கரைந்து, கீட்டோன் என்னும் அமிலம் ரத்தத்தில் கூடிவிடக் கூடும். உயிரைப் பறிக்கக் கூடிய நிலை அது. இன்னொரு சிக்கலும் உண்டு: வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறிக் காட்டிக்கொடுக்கும்; இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு 180, 200 என்றே இருக்கலாம். மிஷினில் பார்த்து ‘சுகர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எல்லோரும் ஏமாந்துவிடுவார்கள்.

‘போன முறை தாங்கியது, இந்த முறையும் தாங்கும்’ என்ற உங்கள் கணக்கு இங்கேதான் தவறுகிறது. போன ஆண்டு இந்த மருந்து உங்களிடம் இல்லை. அது இல்லாமலே நான்காம் நாள் வாந்தி எடுத்தீர்கள். விரதத்தன்று காலையில் நிறுத்தினாலும் போதாது, அதன் வேலை மேலும் சில நாள் உடம்பில் நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடும்போதே இதைக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்னதாக நிறுத்துகிறோம். விரதத்துக்கும் அதே கணக்குதான்: உங்கள் மருத்துவரிடம் சொல்லி, தீபாவளிக்கு முன்பே நிறுத்தும் நாளைக் குறித்து வாங்குங்கள்.

கிளைமிப்பிரைடு வேறு வகை. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். சாப்பாடு வருகிறதா என்று அது பார்க்காது. வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பிறகு நினைவு தப்புதல். ஒரு பொழுது உண்ணும் நாட்களில் அதை எந்த வேளைக்கு, எவ்வளவு குறைத்து எடுப்பது, அல்லது நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக லோ சுகரைக் கொண்டுவருவது அரிது. அதை அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு எடுக்கும்படி பெரும்பாலும் சொல்வார்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அதையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்தை அந்த ஆறு நாளுக்கு மட்டும் விலக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் பாதியாக உடைக்க வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைப் பார்த்து மாற்றவும் வேண்டாம்.

மாத்திரை போட்டால் விரதம் முறியுமா என்று கேட்டீர்கள். சாஸ்திரம் சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் ஆச்சி ஆயுள் முழுக்கச் சஷ்டிக்கு ஒரு பொழுது இருந்தவர்; கடைசிப் பத்து ஆண்டுகள் இதய மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ‘மருந்து பசியாத்தவா செய்யுது?’ என்பார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் ஊர்க் குருக்களையே கேளுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அப்படித்தான். கோயிலுக்குள் ரத்தம் சிந்தத் தயக்கமாக இருந்தால் தங்கும் அறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொழுதும் சஷ்டி விரதம்தான்

ஆறு நாளும் பட்டினி கிடந்தால்தான் விரதம் என்று யார் சொன்னது? நம் பக்கத்திலேயே எத்தனை விதமாக இருக்கிறார்கள்: மிளகு விரதம், இளநீர் விரதம், பாலும் பழமும், மதியம் மட்டும் உப்பில்லாமல் உண்பவர்கள், ஐந்து நாள் ஒரு பொழுது இருந்து ஆறாம் நாள் மட்டும் கடுமையாக இருப்பவர்கள். முடியாதவர்கள் சஷ்டி அன்று மட்டும் இருப்பதும் உண்டு. உடம்புக்குத் தக்கபடி வழி வைத்தவர்கள் நம் முன்னோர். உங்களுக்கு நான் சொல்வது இது: மதியம் ஒரு வேளை முறையான சாப்பாடு, காலையில் உப்புப் போட்ட மோர், இரவில் ஒரு டம்ளர் பாலும் ஒரு கொய்யாவும். மதிய இலையில் சோறு ஒரு கப், பருப்பு, காய் இரண்டு வகை, தயிர். உப்பில்லாச் சாப்பாடு உங்களுக்கு வேண்டாம். நாள் முழுக்கச் சிறிது சிறிதாகத் தண்ணீர், மொத்தம் 2 லிட்டர் அளவில். சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு இருந்தால் இந்த உப்பு, தண்ணீர் அளவெல்லாம் மாறும். அதனால்தான் முன்பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

இளநீர் குடிக்கலாம், ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் சரியாக இருந்தால். ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ ஒரு வாழைப்பழத்தின் அளவு பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்ட்டான் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. சிறுநீரகம் களைத்திருக்கும்போது நாளுக்கு நான்கைந்து இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். இளநீர் விரதம் உங்களுக்கு ஏற்றதில்லை.

இதற்கான ஏற்பாட்டைப் புரட்டாசியிலேயே தொடங்குங்கள். மருத்துவரிடம் போய் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், ஒரு இசிஜி பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் கூடியிருந்தாலோ, சமீபத்தில் நெஞ்சுவலி வந்திருந்தாலோ, லோ சுகரில் மயங்கி விழுந்திருந்தாலோ ஒரு பொழுது விரதமும் இந்த ஆண்டு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஒரு நாளைக்கு நான்கு காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போன முறை முதல் நாளே தலை பிளந்ததற்குப் பசியைவிடக் காபி திடீரென்று நின்றது காரணமாக இருக்கலாம். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தீபாவளிதான் பெரிய கண்ணி. அதிரசமும் மைசூர்பாகும் தின்று 300-க்கு ஏற்றிவிட்டு அடுத்த ஓரிரு நாளில் விரதம் தொடங்கினால் உடம்பு இரண்டு பக்கமும் அல்லாடும். பலகாரம் ஒன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போயிற்று: ‘பாதம் மதமதப்பாக இருக்கும், செருப்பு கழன்றதே தெரியாது.’ இது சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனதன் அறிகுறி. திருச்செந்தூர்க் கடற்கரை மணலும் கல்தரையும் மதிய வெயிலில் கொதிக்கும், சிப்பி கிழிக்கும். உங்களுக்கு வலிக்காது, அதனால் தெரியாது. ஊர் திரும்பி மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகு வந்து, விரலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுமுன்னும் வெயில் தாழ்ந்த பிறகும் நடங்கள். செருப்பைக் கழற்றத் தேவையில்லாத இடமெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் இரவு உள்ளங்காலை மகளிடம் காட்டுங்கள். நான் விரும்புவது, முதல் ஐந்து நாளும் வீட்டிலேயே விரதம் இருந்து ஆறாம் நாள் மட்டும், கூட ஒருவரோடு, திருச்செந்தூர் போவது. சம்ஹாரத்தைக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எப்போது விரதத்தை அங்கேயே விட வேண்டும்

காலை எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை 5 மணிக்கு, படுக்கும் முன் என்று நான்கு முறை சர்க்கரை பாருங்கள். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் உடனே பாருங்கள்.

70-க்குக் கீழே போனால் விரதம் அன்றைக்கு முடிந்தது. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது நன்றாக இனிக்கும் பானகம் அரை டம்ளர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதைக் கூட இருப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், 108-ஐ அழைக்கட்டும்.

300-ஐத் தாண்டினாலும் விரதம் முடிந்தது. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும், இரண்டு முறை வாந்தி, வயிற்றுவலி, ஓடி வந்தவர் போல ஆழமாக மூச்சு வாங்குவது, காலையிலிருந்து மாலைவரை சிறுநீர் போகாதது, பேச்சுக் குழறல், நெஞ்சில் பாரம் இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. அங்கே ‘நான் டாபாகிளிஃப்ளோசின் எடுத்துவந்தேன், கீட்டோன் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, மாத்திரைப் பட்டியலோடும் மகனின் செல்போன் எண்ணோடும் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் இலை

போன ஆண்டு கால் வீங்கியது நடந்ததால் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆறு நாள் வற்றிய உடம்பில் ஒரேயடியாகச் சோறும் பாயசமும் இறங்கியதும் இன்சுலின் எழும்பி, உப்பையும் நீரையும் பிடித்து வைத்ததே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். வீக்கத்தோடு நின்றது உங்கள் நல்ல நேரம். 5 நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாதவர்கள் திடீரென்று நிறைய உண்டால், ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் திசுக்களுக்குள் ஓடிப்போய், இதயம் நின்றுபோகும் அளவுக்கு விபரீதம் வரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனார்கள். பட்டினியைவிட, விரதம் முடித்து உண்ணும் பாரணையில்தான் கவனம் அதிகம் வேண்டும் என்பதை எந்த விரதக்காரரிடமும் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன்.

ஒரு பொழுது உண்டு இருந்தால் உங்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் ஏழாம் நாள் காலை இட்லி இரண்டு, மதியம் பாதி இலை, பாயசம் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் இரண்டு நாள் வழக்கப்படி போன பிறகு, டாக்டரைக் கேட்டு டாபாகிளிஃப்ளோசினை மறுபடி தொடங்குங்கள்.

பட்டினியால் சர்க்கரை நோய் போகுமா? நீங்கள் பார்த்த வீடியோவில் ஒரு துளி உண்மை உண்டு. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 மாதம்வரை நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு, ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அடங்கியிருந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் நோய் வந்து 6 ஆண்டுக்குள்தான் ஆகியிருந்தது, யாரும் இன்சுலின் போடவில்லை. தினமும் அளந்த உணவு உள்ளே போனது, மருத்துவர்கள் கண்காணித்தார்கள். எடை குறைந்ததுதான் அங்கே வேலை செய்தது. ஆறு நாள் தண்ணீர் குடித்ததால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அந்த 380-ஐ நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மகளைப் பற்றி

அவள் சாப்பாட்டை விட்டு விரதம் இருக்க வேண்டாம். கருமுட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை எடுக்கிறாள் என்கிறீர்கள். அந்தச் சஷ்டி வாரத்திலேயே கரு தங்கியிருக்கலாம், அவளுக்கே தெரியாது. இப்போது அவளுக்கு வேளாவேளைக்கு உணவும், தினமும் ஃபோலிக் அமில மாத்திரையும்தான் வேண்டும். அசைவத்தை விட்டு, பாராயணம் செய்து, உங்களோடு கோயிலுக்கு வரட்டும். அது அவளுக்குத் தெம்பு.

இதைக் கேட்கலாமா என்று யோசித்துத்தான் கேட்கிறேன். மகளுக்கு எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளைக்குப் பரிசோதனை செய்ததாக ஒரு வரி இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் பாதிப் பேர் அளவுக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது, சிலரிடம் அது மட்டுமே காரணம். விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். ஓராண்டு முயன்றும் கரு தங்காதபோதே இருவரையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். 5 ஆண்டுகளாக உங்கள் மகள் தனியாக மாத்திரை விழுங்குகிறாள், நீங்கள் தனியாக வயிற்றைக் காயப்போடுகிறீர்கள். மாமியாராக நீங்கள் நேரில் கேட்பது சங்கடம் என்றால், உங்கள் மகன் மாப்பிள்ளையிடம் பேசட்டும். மகளின் மருத்துவரே எழுதிக் கொடுத்தால் இன்னும் எளிது.

புரட்டாசியில் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அந்தச் சீட்டின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். மாப்பிள்ளையின் சீட்டும் வந்திருந்தால், மகளையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அம்மா.